ஐந்தாவது கொடி

பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்து எழுதித் தரச்சொல்லித்தான் கேட்டார்கள். ஆனால் இதே கட்டடத்தில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மாலை போட்டு, டீ கொடுத்து, வேனில் ஏற்றி, வேனிலிருந்து இறக்கியே தலை நரைத்தவன் நான். வாயில் வாழ்த்து வர மாட்டேன் என்கிறது. என் பதவியின் பெயர் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். என் மனைவி அதை ‘வேன்ல மொத சீட்டு’ என்று சுருக்கிச் சொல்வாள்.

நம் தொழிலுக்கு வளர்ச்சி ஒத்துழைப்பு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் விஷயம் இதுதான்: ஒரு நாடு கொடுக்கிறது, ஒரு நாடு வாங்குகிறது, நடுவில் நம்மைப் போன்றவர்கள் பந்தி விசாரிக்கிறோம். கல்யாணப் பந்தியிலாவது ‘இன்னும் கொஞ்சம் ரசம்?’ என்று கேட்டுவிட்டு ஊற்றுவார்கள். எங்கள் பந்தியில் ஊற்றிவிட்டுக் கேட்பதுதான் வழக்கம்.

எனக்கும் வெளிநாட்டு உதவிக்கும் உள்ள உறவு இந்த வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மிஷன் பள்ளி வாத்தியார்கள். நான் படித்ததும் அதே பள்ளிதான். மதியம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். கடல் கடந்து மூட்டை மூட்டையாக வந்த கோதுமை. மூட்டையில் ஏதோ ஒரு நாட்டுக் கொடி அச்சாகியிருக்கும். சோறு தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கோதுமை வேண்டுமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. பசித்தது, தின்றோம். காலி மூட்டைத் துணியில் டிராயர் தைத்துப் போட்டு வந்த பையன்களும் உண்டு. அவர்கள் நடந்து போனால் பின்பக்கம் கொடி அசையும். அந்தப் பையன்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

ஆக, வாங்குகிறவனாக இருப்பது எப்படி என்பது எனக்கு உட்காருமிடத்திலேயே தெரியும். கொடுக்கிறவனாக ஆனபோது என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன் எங்கள் இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம்.

அவர் பெயர் வேண்டாம். நான் சேர்ந்தபோது அவர் துணை இயக்குநர். அப்போது நாம் முழுக்க வாங்குகிற பக்கம். மேலூர்ப் பக்கம் கண்மாய்களைச் சரிசெய்ய ஒரு பணக்கார நாடு பணம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கண்மாய் மடைகளையெல்லாம் பெயர்த்துவிட்டு அவர்கள் ஊரில் செய்த இரும்பு அடைப்பான்களைப் பொருத்த வேண்டும். பழுதானால் உதிரிபாகம் அங்கிருந்து கப்பலில் வரவேண்டும். தண்ணீர் அதுவரை காத்திருக்க வேண்டும்.

துணை இயக்குநர் மறுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, “அருமையான யோசனை. பரிசீலிக்கிறோம்” என்றார். பிறகு வந்திருந்த குழுவை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கோயில் தோசை வாங்கிக் கொடுத்தார். அது நெய்யில் ஊறிய கனமான சாமான். தின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பும் வழியெல்லாம் வேனில் தூங்கினார்கள். அதன் பிறகு ஒரு துணைக்குழு போட்டார். துணைக்குழு ஒரு ஆய்வுக்குழு போட்டது. ஆய்வுக்குழுவுக்கு மழை வந்தது, தேர்தல் வந்தது, தலைவருக்கு மூட்டுவலி வந்தது. திட்டக்காலம் முடிந்தபோது மடைகளெல்லாம் உள்ளூர்க் கல்லிலும் சிமெண்டிலும் கட்டி முடிந்திருந்தன. அடைப்பான் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

“இல்லன்னு சொன்னா அடுத்த வருஷம் உதவி வராதுய்யா” என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். “சரின்னு சொன்னா நாளைக்கு ஊர்க்காரன் நம்மள மண்ண வாரித் தூத்துவான். ரெண்டுக்கும் நடுவுல நமக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு வார்த்த. அத வச்சுத்தான் பொழைக்கணும்.”

நான் அவரைக் கும்பிடாத குறை. அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கதையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

காலம் போனது. நம் நாடும் கொடுக்கிற வரிசையில் போய் உட்கார்ந்தது. நல்ல விஷயம்தான், பெருமையாகத்தான் இருந்தது. மையத்தின் வாசலில் புதுப் பலகை வந்தது. ‘நாங்கள் கொடையாளர்கள் அல்ல, தோழர்கள்’ என்று ஒரு வாசகத்தை நானே எழுதி, நானே கைதட்டிக்கொண்டேன். துணை இயக்குநர் இயக்குநர் ஆகியிருந்தார். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நீர்ப்பாசன அதிகாரிகள் பயிற்சிக்கு வரத் தொடங்கினார்கள்.

ஒரு ஜனவரியில் வந்த குழுவுக்கு எஸ்தர் என்ற பெண் தலைவர். கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றில் ஒரு மாவட்டத்தின் பாசனப் பொறியாளர். உயரமான ஆள், சிரித்தால் மாடியில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். என் அக்கா பெயரும் எஸ்தர்தான். என் பெயர் தானியேல், ஊர் வாயில் டேனியல் என்றதும், “பரவாயில்லை, நம் இருவருக்கும் பெயர் கொடுத்தவர்கள் ஒரே ஆட்கள்தான். அதையும் கேட்காமல்தான் கொடுத்தார்கள்” என்றார். ஆங்கிலத்தில் அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன். ருசி கொஞ்சம் குறையும்.

பயிற்சியின் முடிவில் அவருடைய நாட்டுக்கு நம்மிடமிருந்து சோலார் பம்புகள் போக இருந்தன. சலுகைக் கடனில். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனியுங்கள். கேட்காத நாட்டுக்கு நாம் எதையும் கொடுப்பதில்லை, அது நம் கொள்கை. ஆகவே அவர்கள் கேட்க வேண்டும். அவர்கள் சரியாகக் கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்கும் கடிதத்தையும் நாமே எழுதிவிடுவோம். எஸ்தர் விமானம் ஏறுவதற்கு முன்பே அவருடைய கோரிக்கை என் கணினியில் தயாராக இருந்தது. ‘எங்கள் விவசாயிகளின் நெடுநாளைய ஆசை’ என்று தொடங்கும். அந்த விவசாயிகளில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நடை மட்டும் உருக்கமாக இருக்கும்.

இரண்டாவது வாரத்தில் களப்பயணம். மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் எங்களிடம் ஒரு காட்சிப் பம்பு உண்டு. பல வருஷங்களுக்கு முன் வேறொரு நாடு நமக்குக் கொடுத்தது. யார் வந்தாலும் அதைத்தான் காட்டுவோம். விருந்தாளி வருவதற்கு முந்தின வாரம் அந்த மோட்டாரைக் கழற்றி அவனியாபுரத்தில் பாண்டி என்பவரின் பட்டறைக்கு அனுப்பி, ஓடவைத்துக் கொண்டுவந்து மாட்டுவது என் வேலை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பவுடர் போடுவதில்லையா, அப்படி. மற்ற நாட்களில் அது ஓடுமா என்று நாங்கள் கிராமத்தைக் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. நல்லுறவு என்பது அதுதான்.

அந்த முறை நான் செய்த மடத்தனம், களப்பயணத்தைப் பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாளில் வைத்தது. வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். பொங்கல் என்றால் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. பட்டறைக்காரன் எவனும் திருப்புளியைத் தொடமாட்டான் என்று மதுரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன். முந்தின நாள் வரை பாண்டி போனை எடுக்கவேயில்லை.

வேன் கிராமத்தில் நின்றது. பம்பு அறையைத் திறந்தால் சிமெண்டு மேடை இருக்கிறது, மேடையில் போல்ட்டுகள் நிற்கின்றன, மோட்டார் இல்லை. எஸ்தர் மேடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பராமரிப்பில் இருக்கிறது” என்றேன் ஆங்கிலத்தில், ஒரு மந்திரிக்குரிய கம்பீரத்துடன்.

எஸ்தர் அங்கே நின்ற கருப்பையாவைக் கை காட்டினார். கருப்பையா அந்த அறையின் சாவியை வைத்திருப்பவர், பக்கத்து வயல்காரர். “அவரிடம் கேளுங்கள், பம்பு எங்கே என்று.”

கேட்டேன். கண்ணால் கெஞ்சிக்கொண்டே கேட்டேன். கருப்பையா கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஆளில்லை.

“பம்பா? அது பாண்டி பட்டறைல கெடக்கு. வெள்ளக்காரங்க வாரப்பல்லாம் நம்ம டேனியல் சாரு கொண்டுபோயி ரெடி பண்ணிக் கொண்டாந்து மாட்டிருவாரு. இந்தத் தடவ என்னமோ மாட்டல” என்றவர், எஸ்தரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சேர்த்தார்: “இவுக வெள்ளக்காரங்க இல்லேல்ல, அதான் விட்டுட்டாரு போல.”

“என்ன சொன்னார்?” என்றார் எஸ்தர்.

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய்க்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன், கடைசி வரி உட்பட. குழுவில் மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். எஸ்தர் சிரிக்கத் தொடங்கினார். கண்மாயில் இருந்த கொக்குகள் பறந்தன. கருப்பையாவும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை, நகைச்சுவை உணர்வு உள்ள ஆள் என்று பேர் வாங்கியிருந்தும்.

“அந்தப் பட்டறைக்குப் போவோம்” என்றார் எஸ்தர்.

பாண்டியின் பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை. ‘காளை எலக்ட்ரிகல்ஸ்’ என்று பலகை. நாங்கள் போனபோது பாண்டி வலது கையில் கட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் மாடு வாடிவாசலில் நின்று விளையாடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டை யாரும் தொடவில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டப் போன பாண்டியை மாடு தொட்டிருந்தது.

“டேனியல் அண்ணே, கோவிச்சுக்காதீக. பயலுக எவனும் ஊருலருந்து திரும்பல. நாளைக்கு மாட்டிருவோம். அதுக்குள்ள இவுகளையே கூட்டியாந்துட்டீகளா?”

எங்கள் காட்சி மோட்டார் வயிறு பிளந்து தரையில் கிடந்தது. எஸ்தர் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உள்ளே இருந்த செம்புக் காயிலைத் தொட்டுப் பார்த்தார். “இது தொழிற்சாலையில் கட்டியது இல்லையே” என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். பாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது. “தொழிற்சாலையா? கம்பெனிக் காயில் மொத வருஷமே கருகிப்போச்சுண்ணே! நான் எத்தன தடவ கட்டியிருக்கேன்! பேரிங் நம்மது, கம்பி நம்மது, ஷாப்டு நம்மது. அவுக குடுத்ததுல மிச்சம் இருக்கிறது இந்தா, இந்த ஸ்டிக்கரு மட்டுந்தான்.” மோட்டாரின் கூட்டில் கொடுத்த நாட்டின் கொடி, ஓரம் கூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது. “அதத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?”

நான்தான் சொன்னேன். அதையும் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு எனக்கு மொழிபெயர்ப்பில் விருதே கொடுத்திருக்கலாம்.

எஸ்தர் இந்த முறை சிரிக்கவில்லை. குந்தியிருந்தபடியே, மெதுவாகச் சொன்னார்: “எங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு திடல் இருக்கிறது. முழுக்கப் பம்புகள். நான்கு நாடுகள் கொடுத்தவை. நான்கு கொடிகள். எல்லாம் எரிந்துபோனவை. பழுது பார்க்க எங்களிடம் ஆள் இல்லை. தூக்கிப் போடவும் முடியாது, கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள். மழை நின்ற பிறகு மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்த ஒரு தண்ணீருக்குப் போன வருஷம் எங்கள் விவசாயிகள் அந்தத் திடலின் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே அத்தனை பம்பு. என்னிடம் சாவி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. உங்களுடையது ஐந்தாவது கொடி, டேனியல்.”

பிறகு பாண்டியைக் காட்டினார். “எனக்குப் பம்பு வேண்டாம். எங்கள் பிள்ளைகள் ஆறு பேரை அனுப்புகிறேன். ஒரு ஆறு மாதம் இவர் பட்டறையில் உட்காரட்டும். இதை இவர் சொல்லிக்கொடுப்பாரா என்று கேளுங்கள்.”

“சொல்லிக் குடுக்கிறதா?” என்றார் பாண்டி. “எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? எங்க மொதலாளி ஸ்பானராலயே போடுவாரு. அப்பிடிக் கத்துக்கிட்டது.” கொஞ்சம் யோசித்தார். “சரி, அனுப்பச் சொல்லுங்க. வெளிநாட்டுப் புள்ளைக, அடிக்க மாட்டேன். ஆனா மாடு இருக்கிற பக்கம் போகக்கூடாது. சாப்பாடு நம்ம வீட்டுலயே. புளிக்கொழம்பு திம்பாகளா?”

எஸ்தர் கை நீட்டினார். பாண்டி கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு இடது கையை நீட்டப் போய், அது மரியாதை இல்லையே என்று இழுத்துக்கொண்டு, கடைசியில் தலையை ஆட்டினார். ஒப்பந்தம் முடிந்தது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த ஒரே நேர்மையான ஒப்பந்தம்.

மறுநாள் காலை இயக்குநரிடம் போனேன். ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன்: பம்புகளைக் குறைத்து, அதற்குப் பதிலாக அவனியாபுரத்தில் பழுதுபார்ப்புப் பயிற்சி. அவர் பொறுமையாகப் படித்தார்.

“பாண்டி சான்றிதழ் குடுப்பானா?”

“மோட்டார் ஓடும் சார்.”

“மோட்டார் ஓடுறதெல்லாம் சான்றிதழ் ஆகாதுய்யா.” கண்ணாடியைக் கழற்றினார். “இங்க பாரு. நீ சொல்றது நல்ல விஷயம். எனக்குத் தெரியாதா? ஆனா பம்புன்னா நம்ம கம்பெனிக்கு வியாபாரம். பயிற்சின்னா நமக்குச் செலவு. பம்பு ரெடியா நிக்குது, மார்ச்சுக்குள்ள கப்பல் ஏறலேன்னா ஒதுக்குன தொகை திரும்பிப் போயிரும். அப்புறம் மேலிடம் என்னையத்தான் கேக்கும்.”

“அந்தம்மா வேணாங்கிறாங்களே சார்.”

“வேணாம்னு கடிதத்துல இல்லையே. நீதான எழுதுன?”

என் குறிப்பின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தேன். ‘பரிசீலிக்கலாம்’ என்று இருந்தது.

அன்று மாலை குழுவைத் தெப்பக்குளம் பக்கம் கூட்டிப்போயிருந்தேன். எஸ்தர் கேட்டார்: “நான் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?” எனக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் போடாமல் இருந்ததில்லை. “போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்” என்றார். “என் ஆட்கள் மறுபடி வேலிக்கு வெளியே நிற்பார்கள்.” எனக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோதெல்லாம் நான் ஒரு கதை சொல்லிவிடுவேன். அன்றைக்கு வாயில் வந்தது இரும்பு அடைப்பான் கதை. தோசை, துணைக்குழு, மூட்டுவலி என்று ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினேன். எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நிறைவு விழா வந்தது. மேலிடத்திலிருந்து ஒருவர், பத்திரிகைக்காரர்கள், பொன்னாடைகள், கோபுரப் படம் போட்ட நினைவுப் பரிசுகள். கடைசி நிகழ்ச்சி, எஸ்தர் கோரிக்கைக் கடிதத்தில் மேடையிலேயே கையெழுத்திட்டு இயக்குநரிடம் கொடுப்பது. பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்தக் கோரிக்கை மிக அழகாக எழுதப்பட்டிருக்கிறது. நாங்களே எழுதியிருந்தால்கூட இவ்வளவு உருக்கமாக வந்திருக்காது. இவ்வளவு அருமையான ஒன்றை அவசரப்பட்டு முடிவு செய்வது மரியாதையல்ல. ஊருக்கு எடுத்துப்போய்ப் பரிசீலிக்கிறோம்.”

கடைசிச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். கூட்டம் வழக்கம்போலக் கைதட்டியது. தமிழ் பேசிவிட்டார் என்று இன்னும் பலமாகத் தட்டியது. நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமல்ல. தொலைந்துபோன செருப்பை வேறொருவர் காலில் பார்த்தவரின் முகம் அது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

விழா முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீதான சொல்லிக் குடுத்தது?”

“கதையாத்தான் சார் சொன்னேன்.”

“உக்காரு” என்றார். என் எதிரிலேயே போனை எடுத்தார். மேலிடத்துக்கு ஒரு அழைப்பு. மேலிடம் எஸ்தருடைய நாட்டின் மேலிடத்துக்குப் பேசட்டும் என்றார். மாவட்டப் பொறியாளர் அளவில் சிறு தாமதம், அமைச்சக அளவிலேயே கையெழுத்தை வாங்கிவிடலாம் என்றார். குரலை உயர்த்தவில்லை. எஸ்தரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. திறமையான அதிகாரி என்றுகூடச் சொன்னார். போனை வைத்தார்.

“சார், இது நீங்க செஞ்ச வித்தைதானே?” என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. வீரமான வசனங்களுக்கு ஏற்ற குரல் கர்த்தர் எனக்குத் தரவில்லை.

“அதனாலதான்யா அதுக்கு மருந்தும் எனக்குத் தெரியுது. அன்னைக்கு அந்த வெள்ளைக்காரங்க டெல்லிக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு நாளும் அதுக்குத்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். அவங்களுக்குத் தோணவே இல்ல. ஏன்னா அவங்களுக்கு நம்மளத் தெரியாது. இவங்கள எனக்குத் தெரியும்யா. நம்மளத் தெரியிற மாதிரி தெரியும்.”

சன்னலுக்கு வெளியே எஸ்தரின் குழு வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. இயக்குநர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ரொம்ப நல்லாச் சொன்னாங்க, இல்ல? நான்கூட அம்புட்டு அழகாச் சொன்னதில்ல.”

நான் வேனில் முதல் சீட்டில் ஏறி விமான நிலையம் வரை போனேன். எஸ்தர் வழியெல்லாம் உற்சாகமாக இருந்தார். அவனியாபுரத்தைத் தாண்டும்போது பாண்டி பட்டறை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு விமானத் தூரமாவது சந்தோஷமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் ஊரில் இறங்கியபோது கையெழுத்து ஆகியிருந்தது.

பம்புகள் மார்ச்சுக்குள் கப்பல் ஏறின. எஸ்தரைப் பாசன வேலையிலிருந்து மாற்றி, கிடங்குப் பொறுப்பில் போட்டுவிட்டார்கள். எந்தக் கிடங்கு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள், அந்தத் திடல்தான். அடுத்த வருஷம் ஒரு புகைப்படம் அனுப்பினார். வரிசையாகப் பம்புகள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று நம் கொடி. கீழே எழுதியிருந்தார்: ‘ஓடிய வரை நன்றாக ஓடின. நான்கு கொடிகளுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் கோபுரப் படத்தைக் கிடங்கு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறேன்.’ அவர் கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. கிண்டலாக இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மையத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் படம்தான் அட்டை. வெயில் நன்றாக விழுந்திருந்தது.

உங்களுக்கு என்ன சொல்ல? நாற்காலி மாறினால் நாம் மாறிவிடுவோம் என்பதைக்கூட நான் சொல்ல வரவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் இயக்குநர் மாறவில்லை என்பதுதான் எனக்குப் பயம். அடைப்பானைத் தடுத்த அதே புத்தி, அதே சிரிப்பு, அதே பொறுமை. வாங்கும்போது எங்கே வலித்தது என்று நினைவு வைத்திருந்தார். கொடுக்கும்போது விரல் சரியாக அங்கேயே போய் அழுத்தியது. நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு குழு வந்து உட்காரும். கோரிக்கைக் கடிதத்தைத் தயார் செய்யச் சொல்வார்கள். கை வலி என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று சொல்லுங்கள். தட்டச்சு தெரியாது என்றுகூடச் சொல்லுங்கள், வேலை போகாது. என்னையே அவர்கள் வைத்திருந்தார்களே. அந்தத் தாள் வெள்ளையாக வந்தவர்கள் முன்னால் கிடக்கட்டும். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம். என்னால் செய்ய முடியாததை உங்களிடம் சொல்வது சுலபம்தான்.

போன ஆயுத பூஜைக்குப் பாண்டி பட்டறைக்குப் போயிருந்தேன். பொரியும் அவலும் கொடுத்தார். பட்டறை முழுக்கக் கழுவிவிட்டு, ஸ்பானர், உளி, காயில் சுற்றும் மிஷின், வெல்டிங் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கொட்டகையின் மூலையில் கருகிப்போன ஆறு மோட்டார்கள் வரிசையாக இருந்தன. மேலே தூசி இல்லை. நான் அவற்றைப் பார்ப்பதைப் பாண்டி பார்த்துவிட்டார்.

“அந்தம்மா புள்ளைகளுக்குண்ணே. ஆளுக்கு ஒன்னு. கத்துக்கிறதுக்குக் கருகுனதுதான் நல்லது, பயமில்லாமக் கை வைக்கலாம். எடைக்குக் கேட்டானுக, குடுக்கல. எப்ப வாராக?”

கிடங்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் மாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். பாண்டி கேட்டுக்கொண்டார். 

“கருகுனதுல நம்மதும் இருக்காண்ணே?”

“இருக்கு.”

“போன்ல எல்லாம் காயில் கட்டச் சொல்லித்தர முடியாது” என்றார். “ஆள் வரணும்.” குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அந்த மோட்டார்களுக்கு மட்டும் இன்னும் பொட்டு வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக வைத்தார்.

“கருகுனதுக்கு எதுக்குப் பாண்டி பொட்டு?” என்றேன்.

“ஆயுதம்தானண்ணே” என்றார், திரும்பிப் பார்க்காமல். “ஆளுக தூரமா இருக்காக, அம்புட்டுத்தான்.”